ஈர்க்கிலில் கட்டிய நிறமரம்

உயர்தரத்துக்குச் சித்திரம் எடுத்திருக்கிற தம்பி தங்கச்சிமார், நிறச்சக்கரத்தைப் பாடமாக்கியதும் நிறக்கோட்பாடு முடிந்தது என்று மூடிவைத்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் வைத்திருந்தேன். சிவப்புக்கு எதிரே பச்சை, மஞ்சளுக்கு எதிரே ஊதா, எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. தவணைப் பரீட்சையில் அறுவடைக்கு நிற்கிற வயலை வரையும்போது, நிழல் விழுந்த கதிருக்காக மஞ்சளில் கறுப்பைக் கலந்தேன், பாசி மாதிரி ஒரு பச்சை வந்துவிட்டது. ஏன் என்று அந்த வட்டத்தில் தேடினால் பதில் இல்லை.

பதில் மன்செல்லின் நிறமரத்தில், அதாவது நிறங்களைத் தண்டும் கிளையுமாக அடுக்கிய உருவத்தில் இருந்தது. ஆல்பர்ட் மன்செல் அமெரிக்காவில் ஓவியம் கற்பித்தவர், 1905இல் தன் முறையைப் புத்தகமாக்கினார். நிறத்துக்கு மூன்று அளவு என்பதுதான் அவர் சொன்னது: எந்த நிறம், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு செறிவு, அதாவது சாம்பல் தட்டாமல் எவ்வளவு அழுத்தம். நடுத்தண்டில் அடியில் கறுப்பு 0, உச்சியில் வெள்ளை 10, இடையில் சாம்பல் படிகள். தண்டைச் சுற்றி நிறங்கள், தண்டை விட்டு வெளியே போகப் போகச் செறிவு கூடும். அவருக்கு முன்பே 1810இல் ஜெர்மன் ஓவியர் ருங்கே நிறங்களை உருண்டையில் அடுக்கியிருந்தார், மன்செல்லும் முதலில் உருண்டையைத்தான் பிடித்தார், ஆனால் நிறங்கள் அதற்குள் அடங்கவில்லை. மஞ்சள் உச்சிக்குப் பக்கத்தில்தான் நீளமாக வெளியே நீளும், நீலமும் ஊதாவும் கீழ்ப்படிகளில் நீளும். அதனால்தான் மரம் கோணல்மாணலாக இருக்கிறது.

இதை வாசித்து விளங்கிக்கொள்வது கஷ்டம், செய்து பாருங்கள். நான் ஒரு நேரான தடியை ரெஜிபோமில் குத்தி, ஈர்க்கிலைக் கிளையாக்கி, பிறிஸ்டல் போட் துண்டுகளில் போஸ்டர் கலர் பூசி ஒட்டினேன். ஐந்து நிறம் போதும்: சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. முதலில் சாம்பல் படிகளைச் செய்யுங்கள், வெள்ளையில் கறுப்பைத் துளித்துளியாகத்தான் விட வேண்டும், பாதிக்குப் பாதி கலந்தால் நடுச்சாம்பல் வராது, மிகவும் இருண்டுவிடும். இதற்கே எனக்கு இரண்டு நாள் போனது. பரவாயில்லை, அவசரப்படாதீர்கள், தண்டு பிழையானால் கிளை எல்லாம் பிழையாகிவிடும்.

மஞ்சள் கிளையில் கீழே இறங்கும்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இருண்ட மஞ்சள் என்பதே கண்ணுக்கு அந்தப் பாசி நிறம்தான்!

வெளிச்ச அளவைக் கண்ணால் பிடிக்க முடியாவிட்டால் போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். எங்களுக்கு மருதமுனை, வீட்டில் தறி இருக்கிறது. உம்மா நெய்துகொண்டிருந்த துணியில் சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் அடுத்தடுத்து பளிச்சென்று தெரிந்தன, படம் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே சாம்பல், கோடே காணோம். உம்மாவிடம் காட்டினேன், போனை வாங்கித் துணிக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தார்.

இப்போது கதிர் நிழலுக்குக் கறுப்பைத் தொடுவதில்லை. மஞ்சளில் கொஞ்சம் கபிலம், அதிலே தூரிகை நுனியளவு ஊதா, முதலில் வேறொரு தாளில் தீட்டி, காய்ந்த பிறகு மரத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் படத்தில் வைக்கிறேன்.