காது கனத்தவர்களிடம் கேட்ட பத்துக் கேள்விகள்

தமிழில் காது மந்தம் என்பதைப் பாரசீகத்தில் 'கூஷம் சங்கீன் அஸ்த்' என்பார்கள். என் காது கனமாக இருக்கிறது என்று பொருள். தெஹ்ரானில் முதியோருக்கான செவித்திறன் வினாத்தாளைப் பாரசீகத்துக்குக் கொண்டுவரும் வேலையில் சேர்ந்த பிறகுதான், இதைச் சொல்ல மனிதர்கள் எவ்வளவு தயங்குகிறார்கள் என்று கண்டேன்.

மூல வினாத்தாளை வென்ட்ரி, வைன்ஸ்டீன் என்ற செவியியலாளர்கள் இருவரும் 1982இல் 25 கேள்விகளோடு ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது அதன் பத்துக் கேள்விச் சுருக்கம். ஆம் என்றால் 4 புள்ளி, சில நேரம் என்றால் 2, இல்லை என்றால் 0, அதிகபட்சம் 40; கூடக்கூடச் சிரமம் அதிகம் என்று பொருள்.

இருவர் தனித்தனியே மொழிபெயர்த்தார்கள். மூலத்தையே பார்க்காத வேறு இருவர் அதைத் திரும்பவும் ஆங்கிலமாக்கினார்கள். வீட்டாரோடு பேசும்போது எரிச்சலும் ஆற்றாமையும் வருகிறதா என்ற கேள்வி அங்கேயே இடறியது. நாங்கள் போட்டிருந்த 'நாஉமீத்', நம்பிக்கையற்றவர் என்று திரும்பி வந்தது. 'கலாஃபெ', எரிச்சலில் தவிப்பவர், என்று மாற்றினோம். அது பேச்சுவழக்கு என்று குழுவில் ஓர் ஆட்சேபம் எழுந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுபது வயதுக்காரர் தம் வீட்டில் சொல்லும் சொல்லைத்தானே அவரிடம் கேட்க வேண்டும்? கடைசியில் அதுவே நின்றது.

அடுத்து, முதியவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று கேட்டோம். மெல்லப் பேசினால் கேட்கச் சிரமமா என்பதற்கு 'பெச்பெச்' என்று எழுதியிருந்தோம். புறம் பேசும் கிசுகிசுப்பும் அதில் ஒட்டியிருக்கிறது. ஒரு பாட்டி நிமிர்ந்து, "யார், என்னைப் பற்றியா?" என்றார். அன்றே 'ஆஹெஸ்தே', மெதுவாக, என்று திருத்தினோம்.

கடினமானது, குறைபாடு உள்ளவராக உணர்கிறீர்களா என்ற கேள்வி. அதில் 'மஃலூல்' என்ற சொல் இருந்தது, மாற்றுத்திறனாளியைக் குறிப்பது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நான் மஃலூல் இல்லை மகளே, காதுதான் கனம்." மற்ற ஒன்பதுக்கும் அவர் பதில் 'இல்லை'தான். காது கேட்காததால் வீட்டில் சண்டை வருகிறதா என்றபோது, பின்னால் நின்ற மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டார். அடுத்தவருக்குச் சுமையாகத் தெரியக்கூடாது என்ற 'தாரோஃப்' மரியாதை பதில்களுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. கேள்வியில் 'நாதவான்', அதாவது இயலாதவர், என்று மாற்றினோம்.

நம்பகத்தன்மைக்காக இரண்டு வாரம் கழித்து அதே ஆட்களிடம் அதே தாளைக் கொடுக்க வேண்டும். இடையில் செவிக்கருவி மாட்டிக்கொண்டவர்களை விலக்க வேண்டும் என்பதை முதலிலேயே கவனிக்கவில்லை. தொலைபேசியில் விசாரிக்கலாம் என்றால், பிள்ளைகள் எடுத்துத் தாங்களே பதில் சொன்னார்கள். காது கேளாதவரைத் தொலைபேசியில் தேடியது எங்கள் பிழை. எல்லோரையும் மறுபடி நேரில் வரவழைத்தோம். பத்துக் கேள்விகளும் தமக்குள் ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா என்ற அளவும், வழக்கமாக ஏற்கப்படும் 0.70ஐத் தாண்டியதைப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது.

திருத்திய தாளைக் காட்ட அந்த ஆசிரியரையும் அழைத்திருந்தேன். 'நாதவான்' கேள்வியை இருமுறை வாசித்தார். தாளை மனைவி பக்கம் திருப்பி, அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு 'காஹீ', சில நேரம், என்ற கட்டத்தில் மெல்லக் குறியிட்டார்.