மஞ்சள் மாத்திரை

அக்டோபர் 11, சனி, இரவு 11.40
ஆத்தாவைக் காரைக்குடியில் சேர்த்தாகிவிட்டது. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. கோட்டையூர் வீட்டில் இரண்டாங்கட்டிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். மாத்திரை போட்டு வைக்கும் மங்குத் தூக்கை அப்படியே தூக்கி வந்தேன். டூட்டி டாக்டர் சின்னப் பையன், கண்ணெல்லாம் தூக்கம். பிரஷர், சுகர், மூட்டு என்று ஒப்பித்தேன். "இந்த மஞ்சள்?" "தினமும் காலையில ஒண்ணு." எழுதிக்கொண்டார்.

அக்டோபர் 12, ஞாயிறு
ட்ரிப்ஸ். தூங்குகிறாள். சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 2.1, அதிகம்.

அக்டோபர் 13, திங்கள்
தைராய்டு மாத்திரையைச் சொல்லவே இல்லை! வெறும் வயிற்றில் காப்பிக்கு முன்னால் போடுவது. அதனால் தூக்கில் இருக்காது, தலைமாட்டுச் சொம்புக்குப் பக்கத்தில் இருக்கும். சிஸ்டரிடம் சொல்லிச் சேர்த்தாயிற்று. வேறு என்ன விட்டேன்?

அக்டோபர் 14, செவ்வாய்
முழுங்கிவிட்டுக் கேட்டாள்: "என்னடி, இங்கே தினமும் வியாழக்கிழமையா?"

மஞ்சள் இரண்டு உண்டு. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் 7.5, வாரத்தில் வியாழன் மட்டும். மற்ற நாளெல்லாம் ஃபோலிக் ஆசிட் என்ற சத்து மாத்திரை. இரண்டும் மஞ்சள், இரண்டும் சின்னது. கடைக்காரர் பட்டையைக் கத்தரியால் வெட்டித் தருவார். ஃபோலிக் ஆசிட் பெயர் இருந்த துண்டு இப்போது யார் வீட்டிலோ. மெத்தோட்ரெக்சேட் துண்டில் பெயர் முழுசாக இருந்தது. டாக்டர் பெயரை அதில் படித்தார், "தினமும்" என்பதை என் வாயிலிருந்து எடுத்துக்கொண்டார். ஞாயிறு, திங்கள், இன்று. போன வியாழன் போட்டது வேறு.

பெரிய டாக்டர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். உடனே நிறுத்தி, அதை முறிக்க ஃபோலினிக் ஆசிட் ஊசி ஆரம்பித்தார். மெத்தோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டுமாம். இப்போதிருக்கிற கிரியாட்டினினில் உள்ளேயே தங்கிவிடும். வெள்ளையணு இறங்குகிறதா என்று தினமும் பார்ப்பார்கள். அப்புறம் என்னை விட்டுவிட்டு ஆத்தாவிடம் திரும்பி, "வலிக்குன்னு கடையில ஏதாவது வாங்கிப் போடுவீங்களா ஆச்சி?" என்றார். ஒரு மாதமாக டைக்ளோஃபினாக். முந்தானை முடிச்சில் இன்னும் இரண்டு இருந்தன. சிறுநீரகத்துக்கு அதுவும் ஆகாது.

அக்டோபர் 15, புதன்
வெள்ளையணு 5,200. தம்பி சென்னையிலிருந்து என்னை மூன்று தரம் கூப்பிட்டுவிட்டான். "ஆச்சி, நீங்க என்னதான் சொன்னீங்க?"

அக்டோபர் 16, வியாழன்
வியாழன். மஞ்சள் எதுவுமே வேண்டாம் என்று கையை மூடிக்கொண்டாள்.

அக்டோபர் 17, வெள்ளி, விடியற்காலை 3
நோட்டில் எழுதி முடித்தேன்: பெயர், எத்தனை மில்லிகிராம், எந்தக் கிழமை, கடைசியாக எப்போது போட்டது. அந்தக் கடைசிக் கேள்வியைச் சனிக்கிழமை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வியாழன் என்று சொல்லியிருப்பேன். இல்லை, சொல்லியிருக்க மாட்டேன். நானா எடுத்துக் கொடுக்கிறேன்? அவளேதான் போட்டுக்கொள்கிறாள். அவளிடம் கேட்டிருக்கலாம். விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அக்டோபர் 18, சனி
வெள்ளையணு 3,400. திங்கட்கிழமை தீபாவளி. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் மாவுருண்டை கொடுத்தார்கள். ஆத்தா ஒரு கடி கடித்துவிட்டு எரிகிறது என்று வைத்துவிட்டாள். போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். உதட்டின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு புண். நேற்று இருந்ததா?