ஜன்னலுக்கு இரண்டு பக்கம்

தீபாவளி முடிந்த கையோடு எங்களுக்குக் கிறிஸ்துமஸ் தொடங்கிவிடும். ஒரு வீட்டில் குத்துவிளக்கு ஸ்டிக்கரை உரித்துக்கொண்டிருக்கும்போதே, பனிமனிதன் இருக்கிறதா என்று கேட்டு அடுத்த வீட்டிலிருந்து வாட்ஸ்அப் வரும். சிங்கப்பூரில் பண்டிகைகளுக்கு வீடுகளை அலங்கரித்துக் கொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். முதலாளி ஒரு சீனப் பெண்மணி. மரமும் பூவும் அவர் பொறுப்பு. ஏணி, கம்பி, கண்ணாடி, மின்சாரம் எல்லாம் என் தலையில். கிறிஸ்துமஸ் மரத்தை ஜோடிக்க ஆளாளுக்கு ஆசைப்படுவார்கள். ஜன்னல் என்றால் மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்படித்தான் ஜன்னல் என் வேலையாகிப் போனது.

வாடிக்கையாளர் வீட்டுக்குள் போனதும் நான் முதலில் கேட்பது நிறத்தைப் பற்றியோ செலவைப் பற்றியோ இல்லை. "இதை யார் பார்க்கணும்? எங்கே இருந்து பார்க்கணும்?" என்று கேட்பேன். பலர் விழிப்பார்கள். ஜன்னல் அலங்காரம் என்றால் ஜன்னலில் எதையாவது ஒட்டுவது, இதில் யார் பார்ப்பது என்ன கேள்வி என்பது போல. பிறகு கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டுவார்கள். எல்லோர் கைப்பேசியிலும் கிட்டத்தட்ட ஒரே படம்தான். மரச் சட்டம் போட்ட ஜன்னல், விளிம்பில் பனிக் குவியல், உள்ளே மஞ்சள் வெளிச்சம், வெளியே நீல இருட்டு.

அந்தப் படத்தில் பாதி வேலையை இருட்டு செய்திருக்கிறது. ஸ்டாக்ஹோமில் டிசம்பர் நடுவில் பிற்பகல் மூன்று மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். சுவீடனில் ஜன்னலுக்கு ஜன்னல் ஏழு பல்பு வைத்த முக்கோண விளக்கைக் காணலாம். 1934இல் பிலிப்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் ஆண்டர்சன் செய்தது. மெழுகுவத்திக்குப் பதில் மின்சார விளக்கு. தெருவில் நடந்து போகிறவர் கண்மட்டத்தில் அது இருக்கும், மாலை முழுக்க எரிந்துகொண்டே இருக்கும். இங்கே நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். டிசம்பரிலும் ஏழு மணி ஆகாமல் இருட்டாது. போதாக்குறைக்கு ஜன்னல் பதினான்காவது மாடியில் இருக்கும். அலுமினியச் சட்டம், அதற்குப் பின்னால் கம்பிக் கதவு, பக்கத்திலேயே ஏர்கான் பெட்டி. படத்தை அப்படியே கொண்டுவந்து ஒட்டினால் என்ன ஆகும் என்று விளக்கவே எனக்குக் கால் மணி நேரம் வேண்டும்.

பனி ஸ்பிரேயையே எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவைக் குலுக்கி, அட்டையில் வெட்டிய அச்சைக் கண்ணாடியில் வைத்து அடித்தால், பகலில் வெள்ளை வெளேர் என்று அழகாகத்தான் இருக்கும். ராத்திரி அறை விளக்கைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கி நிமிர்ந்து பாருங்கள். அந்த வெள்ளைப் பனி கறுப்பாகத் தெரியும். வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது, தடித்த வெள்ளைப் பூச்சு அதை மறிக்கிறது, அவ்வளவுதான் கணக்கு. ஆசையாக அடித்த பனித்துளி எல்லாம் கீழே நிற்பவருக்குக் கண்ணாடியில் அழுக்குத் திட்டு. அதே நேரம் உள்ளே சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்கு, அறை விளக்கு நேராக மேலே விழுவதால் அதே பனி வெள்ளையாகவே தெரியும். ஆக வெள்ளைப் பூச்சு வீட்டில் இருப்பவர்களுக்கு. வெளியே நிற்பவர்களுக்கு வெளிச்சத்தை ஊடுருவ விடும் பொருள் வேண்டும்.

அதற்கு நான் நம்புவது சாதாரணக் கலர் கண்ணாடித் தாளை. கறுப்பு அட்டையில் நட்சத்திரத்தையோ மணியையோ வெட்டி, துளைகளில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் தாளை ஒட்டி, பின்னால் ஒரு டிரேசிங் தாள். டிரேசிங் தாள் இல்லாவிட்டால் பல்பு ஒரு புள்ளியாகக் கண்ணைக் குத்தும். இருந்தால் முழு வடிவமும் ஒரே சீராக ஒளிரும். தேவாலயத்து வண்ணக் கண்ணாடியும் இதே தத்துவம்தான். என்ன, அங்கே பகலில் உள்ளே இருப்பவர் பார்க்கிறார், இங்கே ராத்திரி வெளியே நிற்பவர் பார்க்கிறார். உயர மாடி என்றால் ஒரே ஒரு பெரிய வடிவம் போதும். கலைமான், வண்டி, பரிசுப் பொட்டலம் என்று பத்தைத் திணித்தால் கீழே போய்ச் சேர்வது ஒன்றும் இருக்காது.

இதைச் சொன்னால் முதலாளிக்குக் கொஞ்சம் வருத்தம். பத்து பொருள் விற்றால்தானே வியாபாரம்.

அடுத்த தொல்லை ஈரம். குளிர் நாட்டில் வீட்டுக்குள் சூடு, வெளியே குளிர். ஆகவே ஜன்னலின் உள்பக்கம் வேர்க்கும். இங்கே தலைகீழ். இரவெல்லாம் ஏர்கான் ஓடும் படுக்கையறையில் கண்ணாடி குளிர்ந்து, வெளியே இருக்கும் ஈரக்காற்று அதன் வெளிப்பக்கத்தில் நீராகப் படியும். டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை வேறு. வெளிப்பக்கம் ஒட்டிய எதுவும் இரண்டு மூன்று இரவுக்குமேல் தாங்காது. உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கொக்கிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், நடு ராத்திரியில் 'டப்' என்று விழுந்து வீட்டையே எழுப்பும். கம்பிக் கதவு இருக்கும் வீட்டில் எனக்கு அந்தக் கவலை இல்லை. தங்கூஸ் என்கிற மெல்லிய நைலான் நரம்பால் கம்பியில் கட்டிவிடுவேன். நரம்பு கண்ணுக்குத் தெரியாது, நட்சத்திரம் அந்தரத்தில் நிற்பதுபோல் இருக்கும். கம்பியை அசிங்கம் என்று நினைத்துத் திரை போட்டு மறைப்பவர்கள் உண்டு. எனக்கு அது கொடி கட்ட வசதியான பந்தல்.

பசை இல்லாத படலம் ஒட்டுவதில் ஒரு பக்குவம் இருக்கிறது. தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கண்ணாடியில் தெளிக்க வேண்டும். கண்ணாடி வழுவழுப்பாக இருக்கும்போது படலத்தை வைத்து, இடம் சரியாக வரும்வரை விரலால் நகர்த்தலாம். பிறகு ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்தால் தண்ணீரும் காற்றுக் குமிழும் சேர்ந்து வெளியேறும். கடைசியில் பழைய பனியன் துணியால் ஓரங்களை ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. தேய்த்தால் முனை சுருளும். முனை சுருண்டால் குழந்தைகள் சும்மா விடுவார்களா? உரித்துப் பார்த்துவிடுவார்கள்.

ஒருமுறை ஒரு வீட்டில், படலம் வெளிப்பக்கம் இருந்தால்தான் பளிச்சென்று இருக்கும், பணிப்பெண்ணை எட்டி ஒட்டச் சொல்கிறோம் என்றார்கள். நான் பெட்டியை மூடிவிட்டேன். ஜன்னலின் வெளிப்பக்கத்தைப் பணிப்பெண் துடைப்பதென்றாலே கம்பிக் கதவு பூட்டியிருக்க வேண்டும், வீட்டு முதலாளி பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று மனிதவள அமைச்சு 2012இலேயே விதி போட்டுவிட்டது. துடைக்கவே இப்படி என்றால், பொம்மை ஒட்டுவதற்கு ஓர் ஆளை வெளியே சாயவிடுவதா? ஜன்னலே கழன்று விழுந்த கதைகளும் இந்த ஊரில் உண்டு. வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல்களின் அலுமினிய ரிவெட்டுகளைத் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டாக மாற்ற வேண்டும் என்று 2004இல் கட்டாயமாக்கியதே அதனால்தான். திறக்கும் ஜன்னல் கதவில் நான் எடையுள்ள எதையும் கட்டுவதில்லை. கட்டினால் உள்ளே இருக்கும் கம்பியில்தான்.

தோ பாயோவில் ஒரு தமிழ் அம்மா இருக்கிறார். எண்பது வயது இருக்கும். வீவக எனப்படும் அரசாங்க அடுக்குமாடி வீடு, சக்கர நாற்காலி. ஓஃபிர் சாலையில் இருக்கும் லூர்து மாதா கோயில்தான் அவர்கள் குடும்பத்துக்கு. 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டி முடித்த கோயில் அது. அவருக்குப் பனிமனிதனும் வேண்டாம், கலைமானும் வேண்டாம். ஊரிலிருந்து தங்கை மகன் கொண்டுவந்த காகித நட்சத்திரம் ஒன்று, அதை ஜன்னலில் தொங்கவிட வேண்டும். டிசம்பர் முதல் தேதியே நட்சத்திரம் ஏறிவிட வேண்டும் என்பது அவர் கட்டளை.

நட்சத்திரத்தை அறை நடுவில் தொங்கவிட்டால் அவர் நாற்காலியில் இருந்தபடியே பார்க்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"எனக்கு எதுக்குத் தம்பி? நான்தான் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறேனே. கேரல் பாட வர்றவங்க பஸ் ஸ்டாப்புல எறங்கினதும் நிமிர்ந்து பார்த்தா, இதோ இந்த வீடுன்னு தெரியணும்" என்றார்.

மின்தூக்கி இருக்கிறது, கதவு எண் இருக்கிறது, கைப்பேசியில் வரைபடமும் இருக்கிறது. ஆனால் அவர் கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜன்னலில் நட்சத்திரம் எதற்கு என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன வாடிக்கையாளர் வேறு யாரும் இல்லை. நட்சத்திரத்துக்குள் ஊரிலிருந்து வந்த பழைய குண்டு பல்பு இருந்தது. எரியவிட்ட இடத்தில் தாள் பழுப்பேறியிருந்தது. அதைக் கழற்றிவிட்டு, சூடாகாத எல்இடி பல்பும், பாதுகாப்புக் குறி போட்ட வயரும் மாட்டினேன். பருவக்காற்று கம்பிக்கு நடுவே புகுந்து அடிக்கும் என்பதால் மேலே ஒரு கட்டு, கீழ் முனைகளில் இரண்டு கட்டு. பிறகு பேருந்து நிறுத்தம் வரை நடந்துபோய் நிமிர்ந்து பார்த்தேன். எதிர் புளோக்கின் விளக்குகளுக்கு நடுவிலும் தனியாகத் தெரிந்தது. மேலே போய்ச் சொன்னதும், அடுத்த ஜன்னலுக்கு மாற்றினால் இன்னும் நன்றாகத் தெரியுமா என்று விசாரித்தார். கில்லாடி.

அதே வீட்டில் தாழ்வாரத்துப் பக்கம் ஒரு ஜன்னல். அதில் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து தமிழில் எழுத வேண்டும் என்றார் அவர் மகன். போஸ்டர் கலரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து எழுதினால் பிற்பாடு ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம். வெளியே நின்று படிப்பதை உள்ளே நின்று எழுத வேண்டும், அதாவது இடவலமாகத் திருப்பி. ஆங்கில எழுத்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிவிடலாம், பாதி எழுத்து எப்படிப் பார்த்தாலும் ஒன்றுதான். தமிழில் 'ழ்'வைத் திருப்பிப் போடும்போது கை தானாகப் பழைய பக்கமே வளைகிறது. தாளில் பெரிதாக எழுதி, எழுதிய பக்கம் கண்ணாடியில் படும்படி தாழ்வாரத்துப் பக்கமிருந்து ஒட்டி, உள்ளே கண்ணாடி வழியே தெரிவதைப் பார்த்து வரைவது என்று முதலில் நினைத்தேன். யோசித்தால் அது நேராக அல்லவா வரும்! வெளியே இருப்பவருக்குத் தெரியும்படி தாளைத் திருப்பி ஒட்டினால்தான் உள்ளே தாளின் முதுகில் இடவலம் மாறிய பிம்பம் கிடைக்கும். இதை மகனுக்கும் எனக்கும் இடையில் விரலால் காற்றில் எழுதி எழுதியே தீர்த்துக்கொண்டோம். அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். தாழ்வாரத்தில் போன மலாய்க்கார ஆன்ட்டி ஒருவர் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். தாழ்வாரத்து ஜன்னல் கண்மட்டத்து ஜன்னல். ஓரடி தூரத்தில் நின்று பார்ப்பார்கள். அங்கே சின்னச் சின்ன வேலைப்பாடு செல்லும். பனிப் படிகத்தை எட்டு முனையோடு வெட்டினால்கூடப் பள்ளிப் பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள். இயற்கையில் பனிப் படிகத்துக்கு ஆறு முனைதான். தாளை எட்டாக மடிப்பது சுலபம் என்பதால் கடையில் விற்பதிலும் எட்டு முனை ஏராளம்.

முழுக்க முழுக்க உள்ளே பார்க்கச் செய்த ஜன்னலும் ஒன்று உண்டு. பிடோக்கில் ஒரு சீன வீடு, படுத்த படுக்கையாக இருந்த தாத்தா. கட்டிலிலிருந்து தலையைத் திருப்பினால் அந்த ஜன்னல் மட்டும்தான். மகள் சொன்னார், வெளியே ஒன்றும் தெரிய வேண்டாம், அப்பாவுக்கு மட்டும் என்று. நான் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தலையை அவர் தலையணை உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஜன்னலின் மேல் பாதியும் வானமும்தான் தெரிந்தன. கீழ் பாதியில் என்ன செய்தாலும் வீண். மேல் பாதியில் மட்டும் பனி அடித்து, வெள்ளைக் காகித மணிகளை வெவ்வேறு உயரத்தில் கட்டினேன். விளக்குச் சரத்தைத் திரைத்தடிக்குப் பின்னால் மறைத்து, கண்ணில் நேராகப் படாமல் சுவரில் படும்படி விட்டேன். மினுக்கும் சரத்தைப் போடவில்லை.

மினுக்கும் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1984இலிருந்து ஆர்ச்சர்ட் சாலையில் கிறிஸ்துமஸ் ஒளியூட்டு நடக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வீட்டிலும் அதே மாதிரி வேண்டும். கூட்டுரிமை (காண்டோ) வீடுகளில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. அதில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி மினுக்கினால், எதிர் வீட்டுக்காரர் படுக்கையறைச் சுவரில் அது இரவெல்லாம் ஆடும். நிர்வாகத்திடமிருந்து கடிதம் வரும். நான் நிலையாக எரியும் மஞ்சளைத்தான் போடுவேன், பதினோரு மணிக்கு அணையும்படி டைமரும் சேர்த்து. வாடிக்கையாளர் அடம்பிடித்தால் மினுக்கும் சரத்தை அறைக்குள் மரத்தில் சுற்றிவிட்டு, திரையை இழுத்துவிடச் சொல்வேன். இன்னொன்று, அந்தப் பெரிய கண்ணாடிகளில் வெயில் தடுப்புப் படலம் ஒட்டியிருக்கும். பிளேடால் சுரண்டினால் படலம் போச்சு. முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

கழற்றுவதற்குத் தனிக் காசு உண்டு. அதற்கு முகம் சுளிப்பவர்கள் ஜனவரி கடைசியில் கூப்பிடுவார்கள், மேற்கு வெயிலில் பசை உருகிக் கண்ணாடியோடு கல்யாணம் பண்ணிக்கொண்ட பிறகு. நீலகிரித் தைலத்தைத் துணியில் நனைத்துச் சிறிது நேரம் வைத்தால் பசை இளகும். வீடே கோடாலித் தைலம் தடவியவர் மாதிரி மணக்கும். சீன வீடுகளில் இந்தத் தாமதமே வராது, சீனப் புத்தாண்டுச் சிவப்புத் தாள்களுக்கு அதே கண்ணாடி வேண்டும் என்பதால் புத்தாண்டு பிறந்த வாரமே ஆள் அனுப்பச் சொல்வார்கள். தோ பாயோ அம்மா மட்டும் ஜனவரித் தொடக்கத்தில் வரும் மூவரசர் திருநாள் முடியாமல் நட்சத்திரத்தில் கை வைக்க விடமாட்டார். அது வரும் ஞாயிறு எங்களுக்கு வேலை நெருக்கடியான நாள் என்றால், "அப்ப அடுத்த வாரம் வா, இன்னும் கொஞ்ச நாள் எரியட்டும்" என்பார். முதலாளி அந்தக் கூலியை வாங்குவதில்லை, அந்த அம்மா கொடுத்தனுப்பும் அதிரசத்தில் பாதியை எடுத்துக்கொள்வார்.