டீ வந்துருச்சு, ஓவர்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், தப்பு என்னுடையதுதான். வாக்கி டாக்கி செட்டை விற்ற கடைக்காரரைத் திட்டலாம், அவருக்கும் அதில் பங்குண்டு. ஆனால் ஹாம், அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுபவர்களுக்கான பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி, வி.யு.3 என்று தொடங்கும் கால்சைன் (வயர்லெஸ்ஸில் என் அடையாளப் பெயர்) வாங்கி வைத்திருப்பவன் நான். விதிமுறை என்று தனியாக ஒரு பகுதியே அந்தப் பரீட்சையில் உண்டு.

மணலி புதுநகர் பக்கம் எங்கள் அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு சின்ன கண்டெய்னர் யார்டு இருக்கிறது. அங்கே கேட்டில் இருப்பவரும் கடைசி வரிசையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரும் கத்தித்தான் பேசிக்கொள்வார்கள். "இன்னா மாப்ள, உன்னாண்டதான் வயர்லெஸ் லைசென்ஸ் கீதே, ஆறு வாக்கி டாக்கி வாங்கிக் குடேன்" என்றார் மாமா. ரிச்சி ஸ்ட்ரீட் கடையில் என்னைக் கேட்ட முதல் கேள்வியே "ஹாம் லைசென்ஸ் இருக்கா சார்?" என்பதுதான். பெருமையாக எடுத்துக் காட்டினேன். என் பெயருக்கு பில் போட்டு, ஏதோ ஒரு அலைவரிசையை ஏற்றி, "பிரைவசி டோன் போட்டுட்டேன், உங்க பேச்சு வெளியில கேக்காது" என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

அந்த டோன்தான் எங்களைக் கவிழ்த்தது. அது நம் வாயை மூடாது, காதைத்தான் மூடும். டோன் ஒத்துப்போகாத குரல் எதுவும் நம் ஸ்பீக்கரில் வராது, அதனால் அலைவரிசை காலியாக இருப்பது போலத் தெரியும். நாம் பேசுவதோ அந்த அலைவரிசையில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும். மூன்று வாரம் "டீ வந்துருச்சு, ஓவர்" என்று எங்கள் பையன்கள் குஷியாகக் கூவிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் சந்தேகம் வந்து டோனை அணைத்துவிட்டுக் கேட்டேன். "அந்த டீக்காரனுங்க மறுபடியும் வந்துட்டானுங்கடா! பாக்ஸை இறக்காத, நிறுத்து!" அடுத்த யார்டில் கிரேனுக்குச் சிக்னல் கொடுப்பவரின் குரல். தலைக்கு மேல் பெட்டி தொங்கும்போது எங்கள் டீ குறுக்கே போயிருக்கிறது. அன்றைக்கே ஆறு செட்டுக்கும் பேட்டரியைக் கழற்றிவிட்டேன்.

மறுநாள் அந்த யார்டின் சூப்பர்வைசரே தேடி வந்துவிட்டார். கையில் அவர்களுடைய லைசென்ஸ் நகல். அந்த அலைவரிசைக்கு முறையாகப் பணம் கட்டி வருகிறார்கள். புகார் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. "ஹாம்னா உங்க 144லேர்ந்து 146க்குள்ள பேசணும் சார்" என்று எனக்கே பாடம் எடுத்தார். நின்று கேட்டுக்கொண்டேன்.

அவர் சொன்னது சரி, ஆனால் பாதிதான். அந்த 2 மெகாஹெர்ட்ஸுக்குள் பேசினாலும் வியாபாரச் செய்தி அனுப்ப ஹாமுக்கு அனுமதி கிடையாது. அதோடு லைசென்ஸ் என் பெயருக்கு. செட்டுக்கோ, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்கோ இல்லை. எங்கள் செட் 136லிருந்து 174 வரை எங்கே வேண்டுமானாலும் போகும். கைதவறி பட்டனை அழுத்தினால் போதும், காசிமேட்டு லாஞ்சுகளின் ஆபத்து அழைப்புக்கான சேனல் 16, அதாவது 156.8, அதற்குள்தான் இருக்கிறது. போலீஸ் பேசுவது வருமா என்று தேடிப் பார்க்க ஒரு பையன் ஆசைப்பட்டதும் பிறகுதான் தெரிந்தது. வயிறு கலங்கிவிட்டது.

சரி, யார்டுக்கே முறைப்படி லைசென்ஸ் வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். பான், ஜி.எஸ்.டி. சான்று, குத்தகைப் பத்திரம் எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, அப்புறம் பஸ் பிடித்து, ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு வயர்லெஸ் அலுவலகத்துக்குப் போனேன். நாற்பது நிமிடம் உட்காரவைத்துவிட்டு, நிமிர்ந்தும் பார்க்காமல், "இதெல்லாம் இங்க இல்ல சார், ஆன்லைன்" என்றார் ஒருவர். ஒரு நாள் லீவு போனது. விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் போர்ட்டலில், முடிவெடுப்பது டெல்லியில். போகும் முன் வீட்டிலிருந்தே பார்த்திருக்கலாம்.

போர்ட்டலில் கணக்குத் தொடங்கியது சுலபம். அப்புறம்தான் பானில் 'எண்டர்பிரைஸ்', ஜி.எஸ்.டி.யில் 'எண்டர்பிரைசஸ்' என்று இருப்பது கண்ணில் பட்டது. ஒரு எழுத்துக்காக ஆடிட்டர் பின்னால் மூன்று வாரம் அலைந்தேன். அதற்குள் இன்னொரு இடி. செட்டின் மாடலுக்கு இ.டி.ஏ. என்ற அரசு வயர்லெஸ் கருவி ஒப்புதல் வேண்டும் என்றார்கள், எங்கள் ஆறுக்கும் அது கிடையாது. நீங்கள் வாங்குவதாக இருந்தால் பணம் கொடுக்கும் முன்பே கடையில் அந்த நம்பரைக் கேளுங்கள். முழித்தால் வெளியே வந்துவிடுங்கள்.

வெறுத்துப்போய், ஆன்டெனா உயரம் பற்றிய ஒரு சந்தேகத்தைக் கேட்க அதே அலுவலகத்துக்குப் போன் போட்டேன். இந்த முறை எடுத்தது ஒரு மேடம். என் கேள்வியைக் காதிலேயே வாங்கவில்லை.

"யார்டு எவ்ளோ நீளம்?"

"இருநூறு மீட்டர் இருக்கும் மேடம்."

"இருநூறு மீட்டருக்கு எதுக்கு சார் இதெல்லாம்? 446ல லைசென்ஸ் தேவையில்லாத செட் இருக்கே, அதை வாங்குங்க."

446.0 முதல் 446.2 வரை குறைந்த சக்தி செட்டுகளுக்கு 2018லேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். 446 என்ற எண்ணைக் கேட்டிருக்கிறேன், ஆனால் ஹாம்காரனுக்கு அரை வாட் என்றால் ஓர் இளக்காரம். அந்த இளக்காரத்துக்கு விலை இரண்டரை மாதம்.

அதிலும் ஒரு முறை மாட்டினேன். 'லைசென்ஸ் தேவையில்லை' என்ற விளம்பரத்தை நம்பி ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டு, அப்புறம் சின்ன எழுத்தைப் படித்தால் 400 முதல் 480 வரை, 5 வாட். உடனே கேன்சல் செய்தேன். 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வாக்கி டாக்கியின் ஆன்லைன் விற்பனைக்கு நெறிமுறை போட்டது இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான். அலைவரிசையையும் இ.டி.ஏ. விவரத்தையும் விற்பவர் காட்டியே ஆக வேண்டும். இரண்டும் தெளிவாக இருந்ததைப் பார்த்துத்தான் கடைசியில் வாங்கினேன். ஆன்டெனாவைக் கழற்ற முடியாத பொம்மை மாதிரி செட். மூன்றடுக்கு கண்டெய்னருக்குப் பின்னால் போனால் குரல் அறுகிறது, இரண்டடி நகர்ந்து நின்றால் கேட்கிறது. அவ்வளவுதான் பிரச்சினை.

பழைய ஆறையும் கடையில் திருப்பி எடுக்கவில்லை. பேட்டரி இல்லாமல் பீரோவில் கிடக்கின்றன. மாமா இன்னும் அந்தப் பில்லைப் பற்றிக் குத்திக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் பக்கத்து யார்டு சூப்பர்வைசர் தன் செட்டோடு வந்து கேட்டில் நின்றார். "எங்க, அந்த டீ வசனத்தைச் சொல்லச் சொல்லுங்க." பையன் வெட்கப்பட்டுக்கொண்டே புது செட்டில் சொன்னான். அவர் தன்னுடையதைக் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். சத்தமே இல்லை. தலையாட்டினார்.

அப்புறம், "நிஜமாவே வந்துருச்சா?" என்றார். ஒரு கிளாஸ் கொடுத்தோம்.