தோட்டக் குழு நாட்குறிப்பு: உப்புத் தண்ணியும் முள்ளுக் கத்திரியும்

ஜூன் 15, ஞாயிறு

கத்திரி வெயில் காலம் முடிந்துவிட்ட சேதியை வேலூர் வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. காலை ஆறரைக்குப் பள்ளிக்குப் போனவர்கள் எட்டரைக்கெல்லாம் நிழல் தேட ஆரம்பித்துவிட்டோம். பாலாற்றை ஒட்டிய அரசுப் பள்ளி. எங்கள் தோட்டக் குழு இந்த வருஷம் எடுத்திருக்கும் வேலை இங்கே ஒரு காய்கறித் தோட்டம். போன வருஷம் யாரோ வந்து வைத்துவிட்டுப் போன செடிகள் இலை நுனி கருகி, வெறும் குச்சியாக நிற்கின்றன.

டீச்சரம்மா போர் தண்ணியைக் கையில் பிடித்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். "கரிக்குதே!"

"இதுல சோப்பு நுரையே வராதும்மா, செடி எங்கேர்ந்து வரும்?" என்றார் வாட்ச்மேன் அண்ணன்.

தண்ணியில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் வைத்தோம். குடிக்கிற தண்ணிக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை போகலாம் என்பது கணக்கு. இது அதையும் தாண்டிவிட்டது. வக்கீல் சார் வழக்கம்போல பேச்சைத் தோல் தொழிற்சாலைக் கழிவுக்குக் கொண்டுபோனார். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கிறார்களாம். மாசுபடுத்தியவனே ஈடு கொடுக்க வேண்டும் என்கிற தீர்ப்பு. "படிக்கட்டும் சார், இப்ப செடிக்கு எதை ஊத்துறது?" என்று செக்ரட்டரி அக்கா கேட்டதும் பேச்சு நின்றது.

ஜூன் 29, ஞாயிறு

பதில் கட்டடத்தின் பின்பக்கமே இருந்தது. 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது தோண்டிய குழி. மூடியைத் தூக்கினால் பிஸ்கட் கவர், சாக்பீஸ் துண்டு, பாதி பெஞ்சு, ஒற்றைச் செருப்பு. மாடியிலிருந்து வரும் பைப் முழங்கை ஜாயின்ட்டில் கழன்று, மழைத் தண்ணி இத்தனை வருஷமும் நேராகத் தெருச் சாக்கடைக்குப் போயிருக்கிறது.

இன்று வந்தது பாதிப் பேர்தான். குழி வாருகிற வேலை என்று வாட்ஸாப்பில் போட்டால் ஆள் குறையும். செடி நடுகிற வேலை என்றால் குடும்பத்தோடு வருவார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

குழிக்குள் இருந்த ஜல்லியை வாரி வெளியே கொட்டி, சாக்கில் போட்டு அலசினோம். சேறு பிடித்த ஜல்லி தண்ணியை உள்ளே விடாது. அடியில் பெரிய கருங்கல் ஜல்லி, நடுவில் சின்ன ஜல்லி, மேலே ஆற்று மணல். பைப் வாயில் கொசுவலை கட்டினோம். எல்.ஐ.சி. சார் ஒரு யோசனை சொன்னார்: தண்ணி முதலில் பழைய சின்டெக்ஸ் தொட்டிக்கு வரட்டும், நிரம்பி வழிவது குழிக்குப் போகட்டும். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் வரும். நாற்றுக்கு அது ராஜபோகம். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும். மாடித் தூசி, புறா எச்சம் எல்லாம் அதில்தான் வரும்.

பெயிண்ட் அடித்து குழுவின் பெயர் எழுதலாமா என்று ஒருவர் கேட்டார். குழி மூடியிலா?

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள் பேச்சைக் கேட்டு இன்றைக்கே விதைத்தோம். இலவம்பாடி ஊர்ப் பெரியவர் ஒருவர் முள்ளுக் கத்திரி விதையைச் சாம்பலில் புரட்டி, நியூஸ்பேப்பரில் மடித்துக் கொடுத்தார். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கத்திரி. எங்களில் பாதிப் பேர் அதை மார்க்கெட்டில் வாங்கியிருக்கிறோமே தவிர செடியாகப் பார்த்ததில்லை.

"பக்கத்துல வேற கத்திரி வெக்காதீங்க. பூ மாறிடும், அப்புறம் முள்ளும் இருக்காது, ருசியும் இருக்காது" என்றார். விதைக்கு விடுகிற காயைச் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்க விட்டு, சதையைத் தண்ணியில் கரைத்து, மிதக்கிறதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கினதை மட்டும் நிழலில் காயவைக்க வேண்டுமாம். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நானும்தான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். வந்த விருந்தினர்கள் ஆளுக்கொரு மரக்கன்று நட்டார்கள். கொண்டுவந்ததில் கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு மரக்கன்றும் இருந்தது. அதை நட வேண்டாமென்று அரசே சொல்லியாயிற்று என்று செக்ரட்டரி அக்கா மெதுவாக எடுத்துச் சொல்லி, நாங்கள் வைத்திருந்த பூவரசையும் புங்கனையும் நீட்டினார். இரண்டும் கொஞ்சம் உப்பைத் தாங்கும். போட்டோவில் எந்தக் கன்று என்று யாருக்குத் தெரியப்போகிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

நாற்றை எடுத்து நட்டோம். தொட்டித் தண்ணி குடித்து வளர்ந்த நாற்று, இலையில் ஒரு கருகல் இல்லை. நடு நரம்பில் இப்போதே முள் எழும்பியிருக்கிறது. ஏழாவது படிக்கிற ஒருத்தி விரலைச் சப்பிக்கொண்டே, "பூவே வரல, அதுக்குள்ள குத்துது பாருங்க சார்" என்றாள். அமிர்தக் கரைசல் என்கிற இயற்கை உரத்துக்கு ஒரு கிலோ சாணம், ஒரு லிட்டர் கோமியம், கால் கிலோ வெல்லம், பத்து லிட்டர் தண்ணி. ஒரு நாள் ஊறியதும் பத்து மடங்கு தண்ணி கலந்து ஊற்றினோம். நாற்றம் அடித்ததால் ஆறாம் வகுப்பு முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

சில செடிகளில் கொழுந்து தொங்கிவிட்டது. கிள்ளிப் பிளந்தால் உள்ளே ரோஸ் நிறப் புழு. தண்டுத் துளைப்பான். மருந்து வேண்டாம், வாடின நுனியைக் கிள்ளித் தூரக் கொண்டுபோய் எரித்துவிடுவது என்று முடிவு. தினமும் காலை பிரேயருக்கு முன்னால் ஒரு வகுப்பு சுற்றிவரும். இந்த விஷயத்தில் பிள்ளைகள் எங்களைவிடக் கண்டிப்பு. நல்ல கொழுந்தையும் சேர்த்துக் கிள்ளுகிறார்கள்.

நவம்பர் 12, புதன்

முதல் பறிப்பு சத்துணவுக் கூடத்துக்குப் போயிற்று. விதைக்கென்று நல்ல செடி நாலைந்தில் சிவப்புத் துணி கட்டி விட்டிருக்கிறோம், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைக்கிற மாதிரி புளி விட்டு வதக்கச் சொல்லி டீச்சரம்மா ஆசைப்பட்டார். சமையலம்மாவிடம் அது நடக்கவில்லை, எல்லாம் சாம்பாரில்தான் விழுந்தது. எப்படி இருந்தது என்று கேட்கப் போனால் கையைத்தான் காட்டினார்.

"ருசியெல்லாம் நல்லாத்தான் கீது. அடுத்த தபா காம்பைக் கிள்ளிட்டுக் குடுங்க சார், கையெல்லாம் முள்ளு."