பாலக்கோடு நாட்குறிப்பு: ஒரு பேட்ச் பட்டுப்புழு

டிசம்பர் 30

இன்று காலை புழு வந்துவிட்டது. இளம்புழு மையத்திலிருந்து 100 முட்டைத் தொகுதிக்கான புழுக்கள், இரண்டாம் தோலுரிப்பு முடிந்தவை. இனி கூடு கட்டும்வரை இந்த வீட்டில் எதுவும் புழுவுக்குத் தீனி போடும் நேரத்தைப் பார்த்துத்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: எனக்கு ஊர் மலேசியாவில் ஈப்போ. மேட்டுப்பாளையத்தில் பட்டு வளர்ப்பு படிக்கிறேன். கடைசி வருடம் ஒரு விவசாயி வீட்டில் தங்கி, ஒரு பேட்ச் முழுக்கக் கூடவே இருந்து அறிக்கை எழுத வேண்டும். அப்படித்தான் தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்தில் இந்த வீட்டுக்கு வந்தேன். அண்ணன், அக்கா, ஆயா, ஏழாவது படிக்கும் பையன். ஒரு ஏக்கர் மல்பெரி, கொஞ்சம் தக்காளி.

ஷெட்டுக்குள் போகும் முன் செருப்பைக் கழற்றி, பிளீச்சிங் தண்ணீரில் கால் நனைத்து, கை கழுவ வேண்டும். கொசுவர்த்தி, சென்ட், எதுவும் அந்தப் பக்கம் கூடாது. பையன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான், ரொம்பக் கண்டிப்பாக.

ஜனவரி 2

எனக்கு மட்டும் தனியாகச் சோறு வடிக்கிறார்கள். அவர்களுக்கு ராகிக் களி. "வெளிநாட்டுப் புள்ளைக்குக் களி எறங்காது" என்று ஆயா முடிவு செய்துவிட்டார். எனக்கும் அதையே கொடுங்கள் என்றால், "இருக்கட்டும் கண்ணு" என்று தட்டில் இன்னொரு கரண்டி சோறு விழுகிறது.

சாயங்காலம் ஆயாவோடு உட்கார்ந்து பருப்பு பிதுக்கினேன். இது அவரைக்காய் காலம். ஊறவைத்த அவரைக்கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் தோல் விரலில் நின்றுகொள்ள, பருப்பு துள்ளிப் போய்க் கிண்ணத்தில் விழுகிறது. ஆயா பேசிக்கொண்டே, பார்க்காமலே செய்கிறார். குழம்பு வைத்தபோது அடுப்படி முழுக்க ஒரு வாசனை. சோறோ களியோ, இந்தக் குழம்புக்கு எதுவும் சரி.

ஜனவரி 5

குளிர். ராத்திரி ஷெட்டுக்குள் 20 டிகிரிக்குக் கீழே போய்விடுகிறது. புழுவுக்கு 24 டிகிரியாவது வேண்டும். கரி அடுப்பு வைத்து, புகை போகத் திறப்பு விட்டு, அக்காதான் நடு ராத்திரியில் எழுந்து பார்க்கிறார்.

ஜனவரி 11

நாலாவது தோலுரிப்பு முடிந்து, நேற்று ஐந்தாம் பருவம், அதாவது கூடு கட்டும் முன் புழுவின் கடைசி வளர்ச்சிக் கட்டம், தொடங்கியது. ஒரு புழு மொத்தமாகத் தின்னும் தழையில் 80 சதவீதத்துக்கு மேல் இந்த ஒரே பருவத்தில்தான் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அது எவ்வளவு பெரிய வேலை என்று இங்கே வந்துதான் புரிகிறது. விடியும் முன்னே கிளையோடு வெட்டி, கட்டித் தூக்கி வந்து, வாடாமல் ஈரச் சாக்கு போர்த்தி வைக்க வேண்டும். காலை, மதியம், இரவு பத்து மணி என்று மூன்று தீனி. மூன்று அடுக்குத் தட்டிலும் கிளையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பிவிட்டு அடுத்த தட்டுக்குப் போவதற்குள் முதல் தட்டில் தின்னும் சத்தம் தொடங்கிவிடுகிறது.

இரவுத் தீனி முடிந்து போனைக் கையில் எடுத்தால் ஈப்போவில் பன்னிரண்டரை தாண்டியிருக்கும். அம்மா தூங்கியிருப்பார். அதனால் காலை ஐந்து மணிக்குத் தழை வெட்டப் போகும் வழியில்தான் பேச்சு. அங்கே ஏழரை, அம்மா வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருப்பார்.

இன்று மதியம் இரண்டு விதமாகச் சமைக்க அக்காவுக்கு நேரமில்லை. கேட்காமலே என் தட்டில் ஒரு களி உருண்டை. நடுவில் குழித்து, கீரைக் கடைசல் ஊற்றி, மெல்லாமல் விழுங்கச் சொன்னார். இறங்கியது. ஆயா இன்னொரு பாதி வைத்தார். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக நான் சாப்பிட்டதில்லை.

ஜனவரி 15

பொங்கல். காலைத் தீனி போட்ட பிறகுதான் வாசலில் பானை ஏறியது. பொங்கி முடித்ததும் மறுபடி தழை வெட்டு. நாளை எருது விடும் விழாவுக்குப் பையனைக் கூட்டிப்போக ஆள் இல்லை, அவனுக்குக் கோபம்.

ஜனவரி 18

நேற்று சாயங்காலம் புழு பழுக்க ஆரம்பித்தது. தின்பதை நிறுத்தி, தலையைத் தூக்கி, இடம் தேடி அலைகிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கழுத்துப் பக்கம் தேன் நிறத்தில் ஊடுருவித் தெரிகிறது. அந்த நேரத்தில் எடுத்து நெட்ரிக்காவில், அதாவது புழு கூடு கட்டுவதற்கான சட்டத்தில், விடாவிட்டால் நூல் வீணாகிவிடும். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். அவர்கள் வீட்டில் புழு பழுக்கும்போது அக்கா போவார், அவ்வளவுதான் பேச்சு. பன்னிரண்டு மணிக்கு ஒரு டீ. விடியும்வரை கை ஓயவில்லை.

ஜனவரி 24

தருமபுரி பட்டுக்கூடு அங்காடி. நேற்றே இரட்டைக் கூடு, கறைக் கூடு, மெலிந்த கூடு எல்லாம் பிரித்துவிட்டோம். நல்ல கூடு 74 கிலோ. நூற்பாளர்கள் கையில் அள்ளிப் பார்க்கிறார்கள், காதோரம் ஆட்டிப் பார்க்கிறார்கள், விலை கேட்கிறார்கள். கிலோ 610 ரூபாய்க்குப் போனது. 45,140 ரூபாய். போன பேட்சுக்கு இதைவிட நல்ல விலை கிடைத்ததாம், திரும்பும் பஸ்ஸில் அண்ணன் அதிகம் பேசவில்லை.

ஜனவரி 25

அறிக்கைக்காக அண்ணனின் கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தேன். இளம்புழு, உரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், தழை வெட்டிய ஆள் கூலி, வண்டி வாடகை, எல்லாம் தேதியோடு இருக்கிறது. அக்காவின் இரவுத் தீனி இல்லை. கரி அடுப்பு இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இல்லை. ஆயா பொறுக்கிய கூடு இல்லை.

"வீட்டு ஆளுக்கு யாரும்மா கூலி எழுதுவாங்க?" என்றார் அண்ணன், நிஜமாகவே புரியாமல்.

அக்கா சிரித்தார். "எழுதிப் பார்த்தா அடுத்த பேட்ச் போடவே மனசு வராது கண்ணு."

எனக்கு இது சாதாரணமாகப் படவில்லை. லாபம் என்று நாங்கள் பாடத்தில் போடும் எண்ணுக்குள் இவர்களின் தூக்கம் இருக்கிறது. கூலி ஆள் வைத்து இதே வேலையைச் செய்தால் எவ்வளவு மிஞ்சும் என்று போட்டுப் பார்க்காத கணக்கு முழுக் கணக்கு ஆகாது. அக்காவோடு உட்கார்ந்து எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று பருவம் பருவமாக எழுதிக்கொண்டேன். முதலில் கூச்சப்பட்டவர், அப்புறம் நான் விட்டதையெல்லாம் அவரே எடுத்துக் கொடுத்தார்: சாக்கு நனைப்பது, எறும்பு பார்ப்பது, ஊசி ஈ வராமல் வலை கட்டுவது.

அறிக்கையில் அதற்கென்று தனி அட்டவணை போடப்போகிறேன். படிவத்தில் அதற்கு இடமில்லை, எங்கள் ஆசிரியரிடம் கேட்க வேண்டும். நாளை ஷெட் கழுவும் வேலை.