பிப் சொல்லாமல் விட்டது

பைதான் மொழி நிரல்களில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்புகளைப் பொதிகள் என்பார்கள். வரைபடம் வரையும் அப்படி ஒரு பொதியைப் புதுப்பிக்கலாம் என்று உட்கார்ந்தேன். பொதிகளை நிறுவும் கருவியான பிப் அரை நிமிடத்தில் வேலையை முடித்தது. நிரலை ஓட்டினால், அந்தப் பொதியோடு ஒட்டும் உறவும் இல்லாத வேறொரு பழைய பொதியை அழைக்கும் வரியிலேயே சரிந்தது.

பொதிகளின் தேவைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா என்று பார்க்கும் 'பிப் செக்' கட்டளையைக் கொடுத்தேன். குறை எதுவும் இல்லை என்று சாதித்தது. தற்காலிகச் சேமிப்பைத் துடைத்தேன், எல்லாவற்றையும் நீக்கி மறுபடி நிறுவினேன், அதே பிழை. ஒன்றரை மணி நேரம் வீணான பிறகுதான் பிழைச் செய்தியை முதல் வரியிலிருந்து வாசித்தேன். நம்பை (எண் கணக்குகளுக்கான அடிப்படைப் பொதி) 1.x வரிசையைக் கொண்டு தொகுத்த, அதாவது இயந்திர மொழிக்கு மாற்றிய, பொதி நம்பை 2-இல் ஓடாது என்று அங்கே தெளிவாகவே இருந்தது.

2024 ஜூனில் வந்த நம்பை 2.0, சி மொழியில் எழுதித் தொகுத்த பொதிகள் வந்து பொருந்தும் இடத்தையே மாற்றிவிட்டது. என் பழைய பொதியோ தன் தேவையாக 'நம்பை 1.20 அல்லது அதற்கு மேல்' என்று மட்டும் எழுதியிருந்தது. மேல்வரம்பு கிடையாது. பிப் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான். 2-உம் 1.20-க்கு மேல்தானே!

பதிப்பு வரம்புகளை பிப்புக்குச் சொல்லும் கட்டுப்பாட்டுக் கோப்பில் நம்பை 2-க்குக் கீழே இருக்கட்டும் என்று எழுதினேன். இப்போது புதிய வரைபடப் பொதி நம்பை 2 வேண்டும் என்றது. பிப் நிறுவவே மறுத்தது. எரிச்சலாக இருந்தாலும் இது நேர்மையான மறுப்பு. 2020 நவம்பரில் வந்த 20.3-க்கு முந்தைய பிப் என்றால், இத்தகைய முரணை வைத்துக்கொண்டே நிறுவிவிட்டுப் போயிருக்கும்.

பழைய பொதிக்குப் புதிய பதிப்பே வரவில்லையா? அதன் இணையப் பக்கத்தில் பார்த்தால் வந்திருந்தது. பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டபோதுதான் பிப் வாய் திறந்தது: வேறு பைதான் கேட்பதால் ஒதுக்கியவை என்று நான்கு எண்களை நீட்டியது. என்னிடம் இருந்தது பைதான் 3.9, அவற்றுக்கு அதற்கு அடுத்த பதிப்பான 3.10 அல்லது அதற்கு மேல் வேண்டும். இத்தனை நேரமும் ஓசைப்படாமல் அவற்றைத் தாண்டிப் போய்ப் பழையதையே எடுத்து வந்திருக்கிறது.

பைதான் 3.11-இல் புதிய சூழல் ஒன்றை, அதாவது பொதிகளைத் தனியாக நிறுவிக்கொள்ளும் இடத்தை, உருவாக்கினேன். பழைய சூழலின் பொதிப் பட்டியலை அப்படியே ஒட்டாமல், நான் நேரடியாகப் பயன்படுத்தும் ஆறு பொதிகளை மட்டும் ஒரே கட்டளையில் கேட்டேன். மற்றவற்றை பிப்பே பார்த்துக்கொண்டது. கட்டுப்பாட்டுக் கோப்பை அழித்துவிட்டு, நிறுவப்பட்ட பதிப்பு எண்கள் அனைத்தையும் ஒரு கோப்பில் பதிந்து நிரலோடு சேர்த்து வைத்தேன்.

நிரல் ஓடியது. வரைபடத்தில் எழுத்துரு மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது. அதை நான் தொடப்போவதில்லை.